11 ஆட்டம், 5 கோல்

2025 நவம்பரில் டாக்காவில் பங்களாதேஷிடம் நம் கால்பந்து அணி தோற்றதைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கேள்வி இருந்தால் அனுப்புங்கள்" என்று ஒரு வரி சேர்த்தது வினையாகப் போயிற்று. கிரிக்கெட் பற்றி எழுதினால்கூட இவ்வளவு திட்டு வந்ததில்லை. நான் ஆட்டக்காரனும் இல்லை, பயிற்சியாளனும் இல்லை. பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். பதில்களில் லெட்ஜர் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2024 ஜூன் 11, தோஹா. வெளியே போன பந்தை உள்ளே இழுத்துப் போட்ட கோலுக்கு ரெஃப்ரி விசில் அடித்தார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நம் கதை அதோடு முடிந்தது. இந்தப் பகல் கொள்ளையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே, ஏன்? (மதுரை வாசகர்)

அன்று ராத்திரி கத்தின கத்தில் மூன்று நாள் தொண்டை கட்டியிருந்தது. எழுத என்ன மிச்சம்?

நடந்தது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் ஒருமுறை சொல்கிறேன். சாங்டே போட்ட கோலில் 1-0 என்று முன்னால் இருக்கிறோம். 73-வது நிமிடம் கத்தாருக்கு ஃப்ரீ கிக். யூசுஃப் அய்மன் தலையால் முட்டியதை நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் தடுக்கிறார். பந்து அவர் உடம்பில் பட்டு, கோல் போஸ்டுக்குப் பக்கத்தில், கோட்டைத் தாண்டி உருள்கிறது. கார்னர்தான் என்று நம் ஆட்கள் நின்றுவிட்டார்கள். கத்தார்க்காரர் ஒருவர் காலை நீட்டிப் பந்தை உள்ளே இழுக்கிறார், அய்மன் தட்டிவிடுகிறார். கோல்! அந்தச் சுற்றில் வீடியோ ரெஃப்ரி கிடையாது. லைன்ஸ்மேன் கொடி அசையவில்லை. அநியாயம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அடுத்த சுற்றுக்குப் போக, கத்தாருக்கு அடுத்த இடத்துக்குத்தான் போட்டி. ஆட்டம் தொடங்கும்போது நம் கையில் 5 புள்ளி, குவைத்திடம் 4. அதே ராத்திரி குவைத் 1-0 என்று ஆப்கானிஸ்தானை ஜெயித்து 7-க்குப் போய்விட்டது. 85-வது நிமிடத்தில் கத்தார் இன்னொரு கோல் போட்டது. அதில் ஒரு தகராறும் இல்லை. அந்தத் திருட்டு கோலை அழித்துவிட்டால் 1-1. நமக்கு ஒரு புள்ளி, மொத்தம் 6. அப்போதும் வீட்டுக்குத்தான். அந்த அநியாயத்தில் மனம் உடைந்ததால்தான் இரண்டாவது கோலும் விழுந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் "இருக்கலாம்" என்பதை நான் வரவில் எழுத முடியாது.

நாம் தோற்ற இடம் தோஹா இல்லை, கவுகாத்தி. 2024 மார்ச் 26. எதிரில் ஆப்கானிஸ்தான், தரவரிசையில் 158. சொந்த நாட்டில் ஆட வழியில்லாமல் சவுதியில் "உள்ளூர்" ஆட்டம் ஆடுகிற அணி. அவர்களுடைய சங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டு முக்கியமான பலர் வரவே இல்லை. எங்கள் ஆபீசில் வருடக் கணக்கு முடிக்கும் நேரம். மேஜை டிராயரைப் பாதி திறந்து, அதற்குள் போனைச் சாய்த்து வைத்துச் சத்தமில்லாமல் பார்த்தேன். நம் கேப்டன் சேத்ரிக்கு அது 150-வது ஆட்டம், பெனால்டியில் கோல். சரி, முடிந்தது என்று நிம்மதியாக இரண்டு வவுச்சர் பார்த்தேன். 70-வது நிமிடம் 1-1. 88-வது நிமிடம் குர்ப்ரீத் முன்னால் ஓடிவந்து ஆளைச் சாய்க்க, பெனால்டி, 1-2. டிராயரை மூடிவிட்டேன். அன்று ஜெயித்திருந்தால் 8 புள்ளி. தோஹாவில் ரெஃப்ரி என்ன செய்திருந்தாலும் நாம் அடுத்த சுற்றில்.

தோஹாவில் திருட்டுப் போனது உண்மை. கதவைத் திறந்து போட்டது கவுகாத்தியில்.

கேள்வி: நம்மால் ஏன் கோல் போட முடியவில்லை? ஒரே வரியில் சொல்லவும். (ஈரோடு வாசகி)

ஒரே வரியில் என்றால்: கோல் போடுகிற இடத்தில் நம் பையன்களை நாம் நிற்க விடுவதே இல்லை.

மன்னிக்கவும், ஒரு வரி போதாது. 2023 நவம்பரில் குவைத்தில் தொடங்கி 2025 நவம்பரில் டாக்கா வரை, உலகக் கோப்பைக்கு 6, ஆசியக் கோப்பைக்கு 5, ஆக 11 தகுதி ஆட்டங்கள். ஒரு வெற்றி, 4 டிரா, 6 தோல்வி. போட்ட கோல் 5. மன்வீர் ஒன்று, சேத்ரி பெனால்டியில் ஒன்று, சாங்டே இரண்டு, ரஹீம் அலி ஒன்று. ஆறு ஆட்டத்தில் சைபர். மற்ற ஐந்திலும் ஒன்றே ஒன்றுதான். ஓர் ஆட்டத்தில்கூட இரண்டாவது கோல் இல்லை. பின்வரிசையைத் திட்டுகிறோம், கோல்கீப்பரைத் திட்டுகிறோம்; ஒரே கோலை வைத்துக்கொண்டு 90 நிமிடம் காவல் காக்கச் சொன்னால் யார்தான் தூங்கமாட்டார்கள்?

நம் நாட்டு கால்பந்து லீக்கான ஐஎஸ்எல்லில் ஓர் அணி ஆறு வெளிநாட்டு ஆட்டக்காரர்களை எடுக்கலாம், நான்கு பேரைக் களத்தில் இறக்கலாம். பணம் போடுகிறவர் முதலில் வாங்குவது வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரைத்தான். அவர் இடத்தில் நானிருந்தாலும் அதையே செய்வேன். நம் பையன் பக்கவாட்டுக்குத் தள்ளப்படுகிறான், இல்லையென்றால் 75-வது நிமிடத்துக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். வாரா வாரம் பாக்ஸுக்குள் முதுகில் ஆளைத் தாங்கிக்கொண்டு நின்று பழகாதவன், நாட்டுக்காக ஆடும்போது மட்டும் எப்படி நிற்பான்? பந்து வரும்போது இன்னொரு டச் எடுக்கிறான். அந்த ஒரு டச்சில்தான் எல்லாம் போகிறது. 2025-ல் அந்த லீக்கும் நேரத்துக்குத் தொடங்கவில்லை. ஒப்பந்தம் முடியப் போகிறது என்று டெண்டர் விட்டார்கள், ஒருவரும் கேட்கவில்லை.

கேள்வி: ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 40 வயதில் திரும்பக் கூப்பிட்டது அவமானம் இல்லையா? (தூத்துக்குடி வாசகர்)

யாருக்கு அவமானம் என்பதைப் பொறுத்தது. அவருக்கு இல்லை.

2024 ஜூன் 6 கொல்கத்தாவில் அவருடைய கடைசி ஆட்டம் என்று அறிவித்ததும் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன். சால்ட் லேக் மைதானம், 58,000 பேருக்கு மேல். குவைத்தை ஜெயித்தால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. எனக்குப் பக்கத்தில் வங்காளிப் பெரியவர் ஒருவர், எழுபது வயதிருக்கும். புழுக்கத்தில் அவர் மூக்குக் கண்ணாடி மங்கிக்கொண்டே இருந்தது, துடைத்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது பாதி தொடங்கியதுமே ரஹீம் அலி தனியாகப் புகுந்தார். எதிரில் கோல்கீப்பர் மட்டும். மைதானமே எழுந்து நின்றது. பந்து கோல்கீப்பர் மேல் பட்டுப் போயிற்று. பெரியவர் துடைத்த கண்ணாடியை மாட்டாமல் சட்டைப் பையில் வைத்துவிட்டார். "போதும்" என்றார், இங்கிலீஷில்.

0-0. கடைசியில் சேத்ரி மைதானத்தைச் சுற்றி வந்து கும்பிட்டார், அழுதார். 94 கோல் போட்டவருக்கு விடை கொடுக்கிற ஆட்டத்தில் நம்மால் ஒரு கோலைப் பரிசாகத் தர முடியவில்லை. பெரியவர் மட்டும் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

அடுத்த சீசனில் அதே சேத்ரி ஐஎஸ்எல்லில் 14 கோல். இந்தியர்களில் அவர்தான் முதல். 25 வயதுப் பையன்கள் யாரும் பக்கத்தில் இல்லை. பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் வேறு யாரைக் கூப்பிடுவார்? 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக வந்ததும் ஒரு கோல் போட்டார், 95. ஆறு நாள் கழித்து அதே மைதானத்தில் பங்களாதேஷோடு ஆடியது தகுதி ஆட்டம், மறுபடி 0-0. மனோலோ போட்ட கணக்கு எட்டு ஆட்டம், ஒரே வெற்றி, ஜூலையில் கிளம்பிவிட்டார். தாத்தாவைக் கூப்பிட்டு மூட்டை தூக்கச் சொன்ன பேரன்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

கேள்வி: வெறுங்காலோடு ஆட விடமாட்டோம் என்றதால்தான் 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகவில்லை என்கிறார்களே, நிஜமா? (கும்பகோணம் வாசகர்)

கேட்க நன்றாக இருக்கிற கதை. நம் பிரிவில் இருந்த மற்ற நாடுகள் விலகிக்கொண்டதால், ஒரு தகுதி ஆட்டமும் ஆடாமலே இடம் கிடைத்தது. அதையும் நம் கால்பந்துச் சங்கமே வேண்டாம் என்றது. பிரேசில் தூரம், பயிற்சிக்கு நேரமில்லை என்று காரணங்கள். ஒலிம்பிக்கைத்தான் அவர்கள் பெரிதாக நினைத்தார்கள் என்பதே உண்மைக்கு அருகில். காலணிக் கதையை அன்றைய அணியில் இருந்த சைலன் மன்னாவே பிற்பாடு மறுத்திருக்கிறார்.

வெறுங்கால் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி ஃபிரான்ஸிடம் 1-2 என்று தோற்றார்கள். நம் கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். அதே ஆட்டத்தில் இரண்டு பெனால்டியைக் கோட்டை விட்டோம். ஈரோடு வாசகி கவனிக்கவும்: வியாதி பழசு.

கேள்வி: பங்களாதேஷுக்கு இங்கிலாந்திலிருந்து ஹம்ஸா சௌத்ரி வந்தார். நாம் மட்டும் ஏன் வெளிநாட்டு இந்தியர்களைச் சேர்க்கக்கூடாது? (சென்னை, அண்ணா நகர் வாசகர்)

நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை இல்லை. வெளிநாட்டு பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு வந்தால்தான் நீலச் சட்டை. இசுமி அராட்டா ஜப்பானை விட்டு வந்தார். 2025-ல் ரயான் வில்லியம்ஸ் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு இந்தியர் ஆனார். அவர் அம்மா மும்பையில் பிறந்தவர். ஆனால் டாக்கா ஆட்டத்துக்குள் காகிதம் வந்து சேரவில்லை. முன்வரிசையில் ஆடுகிறவர் வெளியே இருக்க, 11-வது நிமிடத்தில் மோர்சலின் போட்ட கோலைத் திருப்பித் தர முடியாமல் தோற்றோம். 2003-க்குப் பிறகு பங்களாதேஷிடம் முதல் தோல்வி.

வரட்டும், நல்லதுதான். ஒருவரைக் கொண்டுவந்து ஒரு ஓட்டையை அடைக்கலாம். ஆனால் வில்லியம்ஸுக்கு 2025-லேயே 32 வயது என்பதையும் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

கேள்வி: ஆண்கள் தோற்றதையே பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். பெண்கள் ஜெயித்தது கண்ணில் படவில்லையா? (நாகர்கோவில் வாசகி)

பட்டது. குட்டு வாங்கிக்கொள்கிறேன். 2025 ஜூலை 5, தாய்லாந்தின் சியாங் மாய். சொந்த மண்ணில் ஆடும் தாய்லாந்து. ஜெயித்தவருக்கு மட்டும் ஆசியக் கோப்பையில் இடம். சங்கீதா பாஸ்ஃபோர் தூரத்திலிருந்து ஒன்று அடித்தார். இடைவேளை முடிந்ததும் அவர்கள் சமன் செய்தார்கள். இந்த இடத்தில் எனக்குப் பழக்கமான இந்திய அணி என்றால் அப்படியே பின்னால் போய்ப் பதுங்கும். இவர்கள் பதுங்கவில்லை. 74-வது நிமிடத்தில் மறுபடி சங்கீதாவே. 2-1. தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போவது இதுதான் முதல் முறை. அதற்கு முந்தைய மூன்று ஆட்டத்தில் மங்கோலியா 13, திமோர் 4, ஈராக் 5. நான்கு ஆட்டத்தில் 24 கோல்! ஆண்கள் 11 ஆட்டத்தில் போட்டது எவ்வளவு என்று மேலே எழுதியிருக்கிறேன், திரும்ப எழுத வெட்கமாக இருக்கிறது.

கேள்வி: சென்னைக்கு ஏன் ஒரு தகுதி ஆட்டம்கூட வரவில்லை? (தாம்பரம் வாசகர்)

புவனேஸ்வரம் 0-3. கவுகாத்தி 1-2. கொல்கத்தா 0-0. ஷில்லாங் 0-0. மட்காவ் 1-2. ஐந்து உள்ளூர் ஆட்டம், ஐந்து ஊர், ஒரு வெற்றி இல்லை. வந்திருந்தால் நம் ஊரும் இந்தப் பட்டியலில் இருந்திருக்கும். வராதவரை நேரு ஸ்டேடியம் தோற்காத மைதானம் என்று பெருமைப்பட்டுக்கொள்வோம்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த ஒரு நிமிடம்? (பொள்ளாச்சி வாசகர்)

2023 நவம்பர் 16, குவைத். 75-வது நிமிடம். சாங்டே தள்ளிய பந்தை மன்வீர் நிறுத்தவே இல்லை, வந்த வேகத்தில் இடது கால். நம் நேரம் ராத்திரி பதினொன்றரைக்கு மேல். நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் விளக்கைப் போட்டு எட்டிப் பார்த்து, "கிரிக்கெட்டா சார்?" என்றார். "ஆமாம்" என்றேன். விளக்கிச் சொல்ல நேரமில்லை, இன்னும் 15 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது.

கேள்வி: ஆசியக் கோப்பை வாய்ப்பு போய்விட்டது. ஹாங்காங்கோடு மிச்சமிருக்கும் ஒப்புக்குச் சப்பாணி ஆட்டத்தையும் பார்ப்பீர்களா? (வேலூர் வாசகி)

ஆட்டம் 2026 மார்ச் 31. வருடக் கணக்கு முடிக்கிற நாள், ராத்திரி பதினொன்று வரை ஆபீசில் ஒருவரும் நகர முடியாது. ஹாங்காங்கில் 2025 ஜூனில் காயத்துக்கான கூடுதல் நேரத்தில் ஒரு பெனால்டி கொடுத்துத் தோற்றோம், அந்தப் பாக்கி ஒன்று நிற்கிறது. பழைய டிராயரின் பூட்டு இறுகிவிட்டது, நேற்றுதான் எண்ணெய் விட்டேன்.