வாசகர் கேள்வி – பதில்: டிராகுலா பகலில் நடந்தான்

கேள்வி: ரத்தக்காட்டேரி என்றால் வெயில் பட்டதும் சாம்பலாக வேண்டும். ‘ட்வைலைட்’ படத்தில் வைரம் மாதிரி மின்னுகிறது. ஒரு நல்ல பேயை இப்படியா கெடுப்பது?

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் விதி அப்படியொன்றும் பழையதில்லை. பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் பிக்காடில்லி வீதியில் நின்றுகொண்டு ஒரு பெண்ணை வெறித்துப் பார்க்கிறான், சூரியன் அவனை ஒன்றும் செய்வதில்லை. பகலில் அவன் சக்தி குறையும், நினைத்த நேரத்தில் உருமாற முடியாது, அவ்வளவுதான். வெயிலில் கரைந்துபோகும் காட்சி 1922-ல் முர்னாவ் எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் மௌனப்படத்தில் வந்தது. அந்தப் படமோ உரிமை வாங்காமல் எடுத்தது, டிராகுலாவுக்கு ஓர்லாக் என்று பெயர் வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தார்கள் போல. ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் விடவில்லை. வழக்கு நடந்து, பிரதிகளை எல்லாம் அழிக்கும்படி 1925-ல் தீர்ப்பு வந்தது. சில பிரதிகள் எப்படியோ தப்பின. ஆக, திருட்டுப் படம் ஒன்றின் முடிவைத்தான் நூறு வருடமாக எல்லாரும் சாஸ்திரம் போலப் பின்பற்றிக்கொண்டிருக்கிறார்கள்! மின்னுவது எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் ‘மரபை மீறிவிட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டு மட்டும் செல்லாது.

கேள்வி: கறுப்பு அங்கி, தூக்கிய காலர், கோரைப்பல். இதெல்லாம் ஸ்டோக்கர் எழுதியதுதானே?

பதில்: கோரைப்பல் அவருடையது. கறுப்பு உடையும் அவருடையதுதான். மற்றபடி அவருடைய டிராகுலா வெள்ளை மீசை வைத்த கிழவன், உள்ளங்கையில் ரோமம், வாய் நாற்றம். ரத்தம் குடிக்கக் குடிக்க இளமையாகிறான். அழகன் எல்லாம் கிடையாது.

அந்தக் காலர் நாடக மேடையில் பிறந்தது. 1924-ல் ஹாமில்டன் டீன் இங்கிலாந்தில் நாவலை நாடகமாக்கியபோது டிராகுலா பிரபுக்களின் வரவேற்பறைக்குள் நாகரிகமாக நுழைந்து பேச வேண்டியிருந்தது, அதனால் மாலை விருந்து உடை. மேடையில் அவன் திடீரென்று மறைய வேண்டும், அதற்குத் தரையில் ஒரு பொறிக்கதவு. நடிகர் இறங்கும்போது தலை தெரியக்கூடாது என்பதற்காகப் பின்னால் உயர்ந்து நிற்கும் காலர். நடிகர் பேலா லுகோசி 1927-ல் நியூயார்க் மேடையிலும் 1931-ல் திரையிலும் அதே உடையில் வந்தார், அது ஒட்டிக்கொண்டது. 1931 படத்தில் அவருடைய கோரைப்பல் ஒருமுறைகூடத் தெரியாது, வேண்டுமானால் பார்த்துச் சொல்லுங்கள். பல்லும் சிவந்த கண்ணும் வண்ணத்தில் ரத்தமும் 1958-ல் கிறிஸ்டஃபர் லீ நடித்த படத்தோடு பிரபலமாயின.

கேள்வி: டிராகுலா என்பது ருமேனிய மன்னன் விளாட்தானே?

பதில்: பெயர் மட்டும். ஸ்டோக்கர் 1890-ல் இங்கிலாந்தின் விட்பி ஊர் நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்திலிருந்து அதை எடுத்துக் குறித்துவைத்தார். மன்னனின் வாழ்க்கை அவருக்கு அதிகம் தெரிந்திருந்ததாகக் குறிப்புகளில் தெரியவில்லை.

கேள்வி: நாவல்களுக்கு முன்னால்? மக்கள் நிஜமாகவே நம்பினார்களா?

பதில்: நம்பினார்கள், அரசாங்க அறிக்கையே இருக்கிறது. துருக்கியரோடு செய்த 1718 ஒப்பந்தத்தில் வடக்கு செர்பியா ஆஸ்திரியாவின் கைக்கு வந்தது, அங்கே போன அதிகாரிகள் கிராமத்தார் பிணங்களைத் தோண்டி, நெஞ்சில் கூரான கழு அடிப்பதைப் பார்த்து மிரண்டுபோய் வியன்னாவுக்கு எழுதினார்கள். 1725-ல் கிசில்ஜெவோ கிராமத்தில் பீட்டர் பிளாகோயெவிச் என்ற குடியானவர் இறந்தபின் எட்டு நாளில் ஒன்பது பேர் செத்தார்கள், ராத்திரி அவர் வந்து அழுத்தினார் என்று சாகும்போது சொன்னார்களாம். தோண்டிப் பார்த்தால் உடல் அழுகவில்லை, வாயில் ரத்தம். கழுவடித்து எரித்துவிட்டார்கள். இன்றைய தடயவியல் மருத்துவரைக் கேட்டால் சிரிப்பார். உடலுக்குள் வாயு சேர்ந்து உப்பும், கருஞ்சிவப்புத் திரவம் வாய் வழியாக வரும், தோல் சுருங்குவதால் நகம் வளர்ந்த மாதிரி இருக்கும். 1755-ல் மகாராணி மரியா தெரசா தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனின் அறிக்கையைப் படித்துவிட்டு இந்தத் தோண்டும் வேலைக்கே தடை போட்டார்.

கவனியுங்கள், இதுவரை ரத்தக்காட்டேரி என்பவர் உப்பிய, செக்கச்சிவந்த குடியானவர். வெளுத்த முகமுள்ள பிரபு அல்ல. அந்தப் பதவி உயர்வு 1819-ல் கிடைத்தது. கவிஞர் பைரனோடு ஜெனீவா ஏரிக்கரைக்குப் போன இளம் மருத்துவர் ஜான் பொலிடோரி, தன் முதலாளி எழுதிப் பாதியில் விட்ட கதையை வைத்துக்கொண்டு லார்ட் ருத்வென் என்ற பாத்திரத்தை உருவாக்கினார். அதில் பைரனின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். பத்திரிகைக்காரர்கள் அதைப் பைரன் பெயரிலேயே வெளியிட்டார்கள், பாவம். ஆனால் அதற்குப் பின் ரத்தக்காட்டேரி என்றால் பணம், பட்டம், வசீகரம்.

கேள்வி: வில்லனாக இருந்தவன் எப்போது ஹீரோ ஆனான்?

பதில்: பலரும் ‘ட்வைலைட்’ என்பார்கள். நான் 1976 என்பேன், ஆன் ரைஸின் ‘இன்டர்வியூ வித் த வாம்பயர்’. காரணம் காதல் இல்லை, பேச்சு.

ஸ்டோக்கரின் நாவல் முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு. டிராகுலாவைத் துரத்துகிறவர்களில் ஒருவரான டாக்டர் செவார்ட் ஃபோனோகிராஃபில் தன் குரலைப் பதிவு செய்கிறார், அந்தக் காலத்துப் புதுக் கருவி. எல்லாரும் எழுதுகிறார்கள், டிராகுலாவைத் தவிர. அவன் எழுதும் கடிதம்கூட, அவன் கோட்டைக்கு வரும் ஜொனாதனின் நாட்குறிப்புக்குள்தான் நமக்குக் கிடைக்கிறது. அவனைத் துரத்துகிறவர்கள் சொல்வதை மட்டுமே நாம் கேட்கிறோம், அதனால் அவனுக்கு என்ன தோன்றியது என்று கேட்கவே வாய்ப்பில்லை. ரைஸ் என்ன செய்தார்? சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் அறை, ஒரு பையன், ஒரு டேப் ரெக்கார்டர், எதிரே உட்கார்ந்து தன் கதையைத் தானே சொல்கிற லூயி என்ற ரத்தக்காட்டேரி. பதிவுக் கருவி வேட்டைக்காரர் கையிலிருந்து ரத்தக்காட்டேரியின் பக்கம் வந்துவிட்டது. தன் குற்ற உணர்ச்சியையும் தனிமையையும் அவனே சொல்லிக் கேட்டபிறகு மார்பில் கழுவடிக்க யாருக்குக் கை வரும்? அந்தக் கதையில் வளரவே முடியாத குழந்தை கிளாடியா வருகிறாள், ரைஸ் தன் சின்ன மகளை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1972-ல். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் வேறு புத்தகமாகிவிடுகிறது.

அதற்கு முன்பும் வருந்திய ரத்தக்காட்டேரிகள் உண்டு. 1840-களில் மலிவுத் தொடராக வந்த வார்னி கடைசியில் வாழப் பிடிக்காமல் வெசூவியஸ் எரிமலைக்குள் குதிக்கிறான். ஆனால் அவனும் பிறர் சொல்லும் கதைதான்.

கேள்வி: அப்படியென்றால் இனிமேல் பயமுறுத்தும் ரத்தக்காட்டேரிக்கு வேலையே இல்லையா?

பதில்: இருக்கிறது. ‘ட்வைலைட்’ படம் வந்த அதே 2008-ல்தான் ‘லெட் த ரைட் ஒன் இன்’ என்ற ஸ்வீடன் படமும் வந்தது. அதிலும் காதல் உண்டு, ஆனால் யாருக்கும் அந்த இடத்தில் இருக்க ஆசை வராது. 2024-ல் ராபர்ட் எக்கர்ஸ் ‘நோஸ்ஃபெராட்டு’வை மறுபடி எடுத்தபோது ஓர்லாக் அழுகிய பிணமாகவே வந்தான், பெரிய மீசையோடு. மீசையைப் பார்த்துச் சிலர் கேலி செய்தார்கள். ஸ்டோக்கரைப் படித்திருந்தால் கேலி செய்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: இதுவரை ஒன்றும் படித்ததில்லை. எதில் தொடங்கலாம்?

பதில்: ஷெரிடன் லெ ஃபானு எழுதிய ‘கார்மில்லா’. ‘டிராகுலா’வுக்குக் கால் நூற்றாண்டு முன்னால் வந்தது, பெண் ரத்தக்காட்டேரி, அவள் விரும்புவதும் ஒரு பெண்ணை. சிறியது, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அப்புறம் ‘டிராகுலா’வின் முதல் நான்கு அத்தியாயங்களைப் படியுங்கள், பிடித்துப்போனால் நீங்களே மிச்சத்தையும் படித்துவிடுவீர்கள், பிடிக்காவிட்டால் நடுவில் வரும் ரத்தம் ஏற்றும் பக்கங்களைத் தாண்டிப் போங்கள், குற்றமில்லை.