சங் லிங் சூ என்ற மேடை வித்தைக்காரர் வெறும் ஏமாற்றுப் பேர்வழிதானா?

ஏதோ வீடியோ பார்த்த சூட்டில் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வேஷம் போட்டதற்காக மட்டும் அவரை அப்படிச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் செய்த பிழை வேறு.

அவர் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர், 1861இல் பிறந்தவர். கெல்லர், ஹெர்மன் போன்ற பெரிய வித்தைக்காரர்களுக்கு உதவியாளராகவே காலம் போனது. 1900இல் பாரிசில் மீசையை மழித்து, சடை தொங்கவிட்டு, சீன அங்கியோடு மேடை ஏறினார். அதன்பின் மேடையில் ஆங்கிலம் கதைக்கவே இல்லை.

ஏன் அப்படி என்று கேட்பவர்கள் திருகோணமலையில் ஒரு மெஜிக் ஷோ செய்து பாருங்கள். உப்புவெளிப் பக்கம் ஒரு விழாக் குழு என்னைக் கூப்பிட்டது. நோட்டீஸ் அடிக்கும் முன், "தம்பி, உங்கள இந்தியாவில இருந்து வந்த ஆள் எண்டு போடுவம். உள்ளூர் எண்டால் சனம் வராது" என்றார்கள். முடியாது என்றேன். சொந்தப் பெயரில்தான் ஏறினேன். சால்வைக்குள்ளிருந்து தண்ணீர் தளும்பும் செம்பை எடுத்ததும், முன்வரிசை ஆச்சி ஒருவர் எழுந்து வந்து விரலை விட்டுப் பார்த்தார். நனைந்த விரலைச் சேலையில் துடைத்துவிட்டுச் சிரித்தார். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை.

ராபின்சன் சறுக்கியதும் தண்ணீர் வித்தையில்தான். சிங் லிங் ஃபூ என்ற உண்மையான சீன வித்தைக்காரர், துணிக்கடியிலிருந்து பெரிய தண்ணீர்ப் பாத்திரத்தை வரவழைப்பார். அதைச் செய்து காட்டினால் 1000 டொலர் என்று அறிவித்தார். ராபின்சன் போனார், ஃபூ இடம் கொடுக்கவில்லை. அப்புறம் இவர் அந்த வித்தையையும் எடுத்தார், பெயரின் ஓசையையும் எடுத்தார். 1905இல் லண்டனில் இருவரும் ஒரே காலத்தில் ஆடியபோது, இவர் சீனரே இல்லை என்று ஃபூ சொல்லியும் எடுபடவில்லை. எனக்கு மனம் ஆறாதது அதுதான்.

ஆனால் தன்னை நோக்கிச் சுடும் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையில் ராபின்சன் குண்டு பட்டுச் செத்ததைத் தண்டனை என்று எழுதாதீர்கள். ரகசியத்தை உடைக்கிறேன் என்று தொழில்காரர் கோபிக்கவும் வேண்டாம், விசாரணையிலேயே வெளிவந்த விஷயம். துப்பாக்கியின் பெரிய குழலில் குண்டோடு உள்ள வெடிமருந்து வெடிக்காது, அடியிலிருந்த சிறு குழாயில் உள்ளது மட்டும் வெடிக்கும். ஷோ முடிந்ததும் சுட்டுத் தீர்க்காமல் ஒவ்வொரு தடவையும் குண்டைக் கழற்றி எடுத்ததில் இடுக்கில் மருந்துத்தூள் சேர்ந்தது. 1918 மார்ச் 23, லண்டன் வூட் கிரீன் எம்பயர் அரங்கில் தீ பெரிய குழலுக்குள் பாய்ந்தது. திரையை இறக்கச் சொல்லி அன்றுதான் மேடையில் ஆங்கிலம் கதைத்தார். மறுநாள் இறந்தார். தீர்ப்பு, விபத்து.

கருவியைப் பராமரிக்க யாருக்கும் காசு வேண்டும். இங்கே ஒலிபெருக்கிக்காரருக்கு முற்பணம், எங்களுக்குப் பொன்னாடை. அந்த உப்புவெளி விழாவின் மிச்சக் காசு இன்னும் வரவில்லை.