தேர்ச்சி விகிதத்தை வைத்து அரசுப் பள்ளியை எடைபோடுவது சரியா?

தேர்வு வேண்டும், ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை என்பது வேறு எப்படித் தெரியும்? தேர்ச்சி விகிதம் என்ற ஒற்றை எண்ணைக் காட்டித் தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்பதில்தான் கோளாறு. விகிதத்தைக் காப்பாற்ற எளிய வழி ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கும் பையனின் பெற்றோரை அழைத்து, "தனித்தேர்வராக எழுதட்டும்" என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவது. விகிதம் ஏறும், பையன் சோமனூர்ப் பக்கம் தறிக்குப் போய்விடுவான்.

இதன் உச்சத்தைக் கொங்குப் பகுதியில் பார்த்திருக்கிறோம். நாமக்கல், ராசிபுரம் பக்கத்துத் தனியார் உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டுகள் உருவேற்றினார்கள். 2017-இல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது; 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தது. 2025-இல் அதையும் நீக்கிவிட்டது. (பழைய வித்தை திரும்பாது என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.)

அமெரிக்காவும் இதில் சூடுபட்ட நாடுதான். 2002-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், மதிப்பெண் இலக்கை எட்டாத பள்ளிகள்மீது நடவடிக்கை எடுத்தது. 2015-இல் வந்த புதிய சட்டம் தேர்வை வைத்துக்கொண்டு, நடவடிக்கையை மாநிலங்களிடம் விட்டது.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை, ஆண்டின் நடுவே தமிழே தெரியாமல் வகுப்பில் சேர்கிறது. அதை எழுதப் படிக்க வைத்த ஆசிரியரின் உழைப்பு தேர்ச்சி விகிதத்தில் எந்தப் பத்தியில் வரும்? சேர்ந்த நாளில் ஒரு சோதனை, ஆண்டு முடிவில் ஒரு சோதனை வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஆசிரியரைப் பொறுப்பாக்குங்கள்.