பாத்ரூமுக்குள் வந்தது தவளையா, பாம்பா? முதலில் உப்புப் போத்தலைக் கீழே வையுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் தரைமாடியில் இருக்கிறோம். மழை தொடங்கினால் பாத்ரூமுக்குள் தவளை வருகிறது. தண்ணீர் போகிற ஓட்டையால் ஒரு சாண் நீளத்தில், கறுப்பாக, பளபளவென்று, மண்புழு மாதிரி ஒன்றும் வந்தது. மாமியார் உப்பும் மண்ணெண்ணெயும் ஊற்றச் சொல்கிறார். தரம் 7இல் படிக்கும் மகளோ, ஒன்று ஈரூடகவாழி, மற்றது ஊர்வன, இரண்டுக்கும் ஒரே வைத்தியம் சரிவராது என்கிறாள். எதைப் பார்த்துப் பிரித்தறிவது? எது ஆபத்து? பின்பக்கத் தொட்டியின் விளிம்பில் வெள்ளை நுரை ஒட்டியிருக்கிறதே, அது என்ன?

பதில்: மகள் சொன்னதுதான் சரி. மாமியாரின் உப்பு தவளையைத் துடிக்கத் துடிக்கக் கொல்லும், பாம்பை ஒன்றும் செய்யாது. ஏன் அப்படி என்று விளங்கிவிட்டால் மிச்சம் எல்லாம் சுலபம்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்ளும், சுவாசத்திலும் ஒரு பங்கைத் தோல்தான் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் அந்தத் தோல் மெல்லியதாக, சளி பூசி, எப்போதும் ஈரமாக இருக்கிறது. உங்கள் பாத்ரூம் அதற்குப் பிடித்துப்போனதும் அந்த ஈரத்துக்காகத்தான், அதோடு லைட்டுக்கு வரும் பூச்சிகளுக்காகவும். அந்தத் தோலில் உப்புப் பட்டால் உடம்பில் உள்ள தண்ணீர் வெளியே இழுபட்டுவிடும். டெட்டோல், பினாயில், குளோரின், ஏன், உங்கள் கையில் பூசிய நுளம்புக் கிரீம்கூட அதன் தோல் வழியாக உள்ளே போய்விடும். பாம்பு, பல்லி, ஆமை, முதலை இவற்றின் தோல் வேறு. மேலே கெரட்டின் (நம் நகத்தில் இருக்கும் அதே பொருள்) செதில், தண்ணீர் லேசில் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. வெள்ளவத்தைக் கடலையே பாருங்கள்: கடலாமை உண்டு, கடற்பாம்பு உண்டு, எப்போதாவது முதலை தலைகாட்டினால் ஊரே கரைக்கு ஓடிவந்து பார்க்கிறது, ஆனால் அந்த அலைக்குள் ஒரு தவளையைக் காண மாட்டீர்கள். உப்புத் தண்ணீர் அதைக் காயவைத்துவிடும். அதே உப்பைப் பாம்பின் மேல் கொட்டி என்ன பயன்?

நீரிலும் நிலத்திலும் திரிந்தால் ஈரூடகவாழி என்று பெரியவர்கள்கூடச் சொல்வார்கள். அது தப்பு. வெள்ளவத்தைக் கால்வாயில் நீந்துகிற கபரகொயா (நீர் உடும்பு) பாதி நாள் தண்ணீரில்தான் கிடக்கும், இருந்தும் அது ஊர்வனதான். முட்டையைக் கரையில்தான் இடும், குஞ்சு தாயின் அச்சாகவே வெளியே வரும், வாற்பேத்தை (தலைப்பிரட்டை) என்ற கட்டமே கிடையாது.

சரி, நேரில் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? இலங்கையில் சலமாந்தர் (பல்லி வடிவத்தில் வாலோடு இருக்கும் ஈரூடகவாழி) இல்லை. ஆகவே நான்கு காலும் நீண்ட வாலும் உள்ளது எதுவானாலும், வால் இன்னும் உள்வாங்கி மறையாத தவளைக் குஞ்சைத் தவிர, அது ஊர்வனதான். பல்லி, ஓணான், அரணை எல்லாம் அதற்குள் வரும். 'அரணை கடித்தால் மரணம்' என்பதை நம்பாதீர்கள், அதற்கு நஞ்சே இல்லை. விரலில் நகம் இருந்தால் ஊர்வன, மரத்தவளை மாதிரி விரல் நுனியில் வட்டத் தட்டு மட்டும் இருந்து நகம் இல்லையென்றால் தவளை (பல்லிக்கும் விரலடியில் தட்டு உண்டு, அதனால் நகத்தைத்தான் பார்க்க வேண்டும்). எனக்குப் பிடித்த அடையாளம் இன்னொன்று: அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது தவளையின் தொண்டை துடித்துக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அது வாயின் அடிப்பகுதியால் காற்றை விழுங்குகிறது. பல்லிக்கு விலா எலும்பு உண்டு, அதனால் அதன் விலாப்பக்கம் ஏறி இறங்கும்.

ஈரத்தோல் என்ற விதியைக் குழப்புவது தேரை. தோல் சொரசொரப்பாக, காய்ந்த மாதிரி இருக்கும், ஆனாலும் ஈரூடகவாழிதான். கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகளில் நச்சுப்பால் உண்டு. உங்கள் கை பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். வீட்டு நாய் கடித்து நுரை தள்ளினால், தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயை நன்றாகக் கழுவிவிட்டு மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

இனி உங்கள் 'புழு'. நீங்கள் சொல்கிற அளவையும் பளபளப்பையும் பார்த்தால் பெரும்பாலும் புழுப்பாம்புதான். பூச்சாடி மண்ணில் இருந்து எறும்பு முட்டையும் கறையானும் தின்னும் குருட்டுப் பாம்பு, மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால் மேலே வந்துவிடும். வாலின் நுனியில் சின்ன முள் இருக்கும், அது கொட்டாது. இந்த இனத்தில் எல்லாமே பெண்கள், ஆணே இல்லாமல் முட்டையிடும். உடம்பு முழுக்க வளையம் வளையமாக, ஈரமாக, பக்கவாட்டில் மஞ்சள் கோட்டோடு இன்னும் நீளமாக இருந்தால் அது சிசிலியன், காலில்லாத ஈரூடகவாழி. சேற்று நிலத்தில்தான் அதிகம், தரைமாடி பாத்ரூமில் அபூர்வம். இரண்டுக்கும் பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது கண் தெளிவாகத் தெரிகிற, தலை அகன்ற, அல்லது உடம்பில் பட்டை போட்ட பாம்புக்கு. எங்கள் பக்கத் தோட்டங்களில் இலைக்குப்பைக்குள் பொலன் தெலிஸ்ஸா என்ற சின்ன விரியன் பாம்பு படுத்திருக்கும், சின்னதுதானே என்று கால் வைக்கக் கூடாது. தெரியாத பாம்பு என்றால் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைச் செருகிவிட்டு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு எடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், 1990 அம்புலன்ஸுக்கு எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தவளையை ஈரக் கையால், அல்லது ஐஸ்கிரீம் டப்பாவால் மூடி அடியில் மட்டையைச் செருகித் தூக்கி, செடிக்குள் விடுங்கள். வடிகால் ஓட்டைக்கு நுண்வலை போட்டால் தவளையும் புழுப்பாம்பும் அந்த வழியால் வராது. தொட்டி விளிம்பில் இருக்கும் நுரை மரத்தவளையின் முட்டைக்கூடு. சில நாளில் வாற்பேத்தைகள் அதிலிருந்து கீழே தண்ணீருக்குள் விழும். அது குடிக்கிற தண்ணீர் என்றால் கூட்டைச் சுரண்டி எடுத்து, வேறொரு வாளித் தண்ணீருக்கு மேல் ஒரு தடியில் ஒட்டிவிடுங்கள். வாளியை நுளம்பு வலையால் மூடுங்கள், இல்லாவிட்டால் டெங்கு பார்க்க வரும் பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.