11 மாதக் குழந்தை என்னைவிட ஆயாவிடம்தான் ஒட்டுகிறது. ஆயாவை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போகலாம்.

நான் வைத்தியரும் இல்லை, உளவியல் படித்தவளும் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ஃபிளாட், கொள்ளுப்பிட்டியில் கணக்கு வேலை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற அந்த வரி, "வேலை முடிந்து வந்து கையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆயாவின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான்" என்பது, எங்கள் வீட்டு வாசலிலும் நடந்தது. நீங்களும் பிரசவ லீவு முடிந்த கையோடு வேலைக்குத் திரும்பியவராகத்தான் இருக்கவேண்டும். சட்டம் தருவது 84 வேலை நாள், கலண்டரில் எண்ணினால் கிட்டத்தட்ட நாலு மாதம். பிள்ளை ஆட்களைப் பிரித்துப் பார்த்து "இவர் என்னுடைய ஆள்" என்று ஒட்டத் தொடங்குவதோ ஆறேழு மாதத்துக்குப் பிறகு. அந்த நேரம் பகல் முழுக்க யார் மடியில் கிடந்ததோ அவரிடம் ஒட்டாமல் வேறு யாரிடம் ஒட்டும்?

எங்கள் வீட்டுக்கு ஆயாவாக வந்தவர் மஸ்கெலியாப் பக்கம், மலையகத்துத் தேயிலைத் தோட்டம். அக்கா என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மகளுக்கு ஒரு வயது நெருங்கிய நேரம் என் மாமி தொடங்கினார்: "பிள்ளை தாயை மறந்திட்டுது. ஆளை மாத்து." நான் பேசாமல் இருந்தேன். அடுத்த கிழமை உண்மையான கவலை வெளியில் வந்தது: "இப்பிடியே விட்டா பிள்ளை தோட்டத்துக் கதைதான் கதைக்கும்." குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கனடா மச்சாளும் சேர்ந்துகொண்டார். அங்கே எல்லாரும் தாங்களேதான் பிள்ளை வளர்க்கிறார்களாம். அவருக்கு ஒரு வருஷம் லீவு கிடைத்தது என்பதை அவர் எழுதவில்லை.

அக்கா செய்ததைச் சொல்கிறேன், உங்கள் ஆயாவிடமும் கேட்டுப் பாருங்கள். நான் கதவைத் திறந்ததும் பிள்ளையைத் தூக்கி என் கையில் திணிக்கமாட்டார். "மிஸ் மொத கை காலு கழுவிட்டு வாங்க. பாப்பாவ புடுங்காதீங்க, அதுவா வரும்." நான் வந்து தரையில் இருப்பேன். அவர் எனக்கு எதிரே மகளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். என் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் தரையில் சுழற்றிவிடுவேன், கூப்பிடமாட்டேன். மூடி சுற்றிச் சுற்றிக் கடகடவென்று விழும். மகள் மூடியைப் பார்ப்பாள், அக்காவின் முகத்தைப் பார்ப்பாள், மடியிலிருந்து சரிந்து தவழ்ந்து வந்து மூடியை ஒரு தட்டு தட்டிவிட்டு அக்காவிடமே ஓடுவாள். திரும்பவும் வருவாள். இரண்டாம் மூன்றாம் தரம் என் முழங்காலில் கையை ஊன்றி எழும்பி நிற்பாள். அதற்குப் பிறகு இரவு முழுக்க என்னை விடமாட்டாள், குளியலறைக்குப் போகவும் ஏலாது.

இந்தப் போய் வருகிற விளையாட்டை மேரி எயின்ஸ்வேர்த் என்கிற உளவியலாளர் 1954, 55ஆம் ஆண்டுகளில் உகண்டாக் கிராமங்களில் வீடு வீடாய் இருந்து பார்த்திருக்கிறார். நம்பிக்கையான ஒரு மடி இருந்தால்தான் பிள்ளை அதை விட்டு இறங்கி உலகத்தைப் பார்க்கப் போகும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. எங்கள் வீட்டில் அந்த மடி அக்காவுடையது, பிள்ளை பார்க்கப் போன உலகம் நான். இதில் அவமானப்பட என்ன இருக்கிறது?

எயின்ஸ்வேர்த் பிறகு அமெரிக்காவில், பால்டிமோரில், ஒரு சோதனையை உருவாக்கினார். ஒரு வயதுப் பிள்ளையை அறையில் விட்டுவிட்டுத் தாய் வெளியே போய்த் திரும்பி வருவார். பிள்ளை எவ்வளவு அழுதது என்பதைவிட, தாய் திரும்பி வந்ததும் என்ன செய்தது என்பதைத்தான் அதில் முக்கியமாகப் பார்ப்பார்கள். இதை வாசித்துவிட்டு வாசலில் முகம் திருப்பியதற்கு நீங்களே மார்க் போடவேண்டாம். அது பயிற்சி எடுத்தவர்கள் அந்தச் சோதனையில் மட்டும் பார்த்துச் சொல்வது. நீங்கள் எட்டு மணி நேரம் வேலை செய்து, காலி வீதி பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து, வியர்வையோடு கை நீட்டுகிறீர்கள். அது சோதனை இல்லை.

"ஒரு பிள்ளைக்கு ஒரு தாய்தான்" என்று எழுதப்போகிறவர்களுக்கு: 1964இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து எழுதிய ஆய்வு ஒன்று இருக்கிறது, ஷாஃபர், எமர்சன் என்ற இருவர் செய்தது. ஒன்றரை வயதில் ஒரே ஒருவரிடம் மட்டும் ஒட்டியிருந்த பிள்ளைகள் 13 சதவீதம்தான். மற்றதுகள் அப்பா, பாட்டி, அண்ணன், பக்கத்து வீடு என்று பலரிடம் ஒட்டியிருந்தன. ஒருவரிடம் ஒட்டினால் மற்றவருக்குக் குறையும் என்று நாங்கள்தான் கணக்குப் பார்க்கிறோம். அமெரிக்காவில் 1991இல் தொடங்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்விலும், பிள்ளையைப் பகலில் வேறொருவர் பார்ப்பது மட்டும் தாயோடு உள்ள ஒட்டுதலைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. தாய் பிள்ளையோடு இருக்கிற நேரத்தில் அதன் குறிப்பறிந்து நடக்கிறாரா என்பதுதான் கூடுதலான வித்தியாசத்தைக் காட்டியது. அமெரிக்கா வேறு, இலங்கை வேறு என்பீர்கள். சரி, இலங்கையில்தானே பிள்ளையை அம்மம்மா, சித்தி, பெரியம்மா என்று நாலு மடி வளர்த்தது? அவர்களிடம் ஒட்டினால் பாசம், சம்பளம் வாங்குகிறவரிடம் ஒட்டினால் ஆபத்தா?

நீங்கள் பயப்படவேண்டியது வேறொன்றுக்கு. இந்த ஒட்டுதல் கோட்பாட்டையே உருவாக்கிய ஜோன் போல்பி 1907இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். தாயை நாளுக்கு ஒரு மணி நேரம் போலத்தான் பார்ப்பார், வளர்த்ததெல்லாம் ஒரு ஆயா. அவருக்கு நாலு வயது ஆகும்போது அந்த ஆயா வேலையை விட்டுப் போய்விட்டார். தாயைப் பறிகொடுத்த மாதிரி அது தன்னைத் தாக்கியது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். நீங்கள் "நிறுத்திவிடலாமா" என்று கேட்பது இதைத்தான்.

எங்கள் அக்காவும் போனார். மகளுக்கு இரண்டரை வயது, அக்காவின் மூத்த மகளுக்குப் பிள்ளைப்பேறு. மாமி ஒரு வழி சொன்னார்: "பிள்ளை நித்திரையா இருக்கேக்க வெளிக்கிடட்டும். கண்டால்தானே அழும்." ஏலாது என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் நான் மாமியை நேருக்கு நேர் மறுத்தது அதுதான் முதல் தடவை, அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். புதிதாக வந்தவரை அக்கா இருக்கும்போதே கூட்டிவந்து நிறுத்தினோம். முதலில் அவர் சும்மா இருப்பார், பிறகு சோறு தீத்துவார், பிறகு குளிப்பாட்டுவார், அக்கா கதவடியில் நிற்பார். போகிற அன்று மகளையும் கோட்டை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனோம். ஹட்டனுக்குப் போகிற ரயில் வெளிக்கிட்டதும் அவள் பிளாட்பாரமே அதிரக் கத்தினாள். பக்கத்தில் நின்ற ஒரு சிங்கள அம்மா பிஸ்கட் நீட்டினார், அதைத் தட்டிவிட்டாள். பிறகு கொஞ்ச நாளாக என்னைக் கடித்தாள். ஆமாம், என்னைத்தான், புதியவரை இல்லை. கோபத்தைக் காட்டலாம், ஆள் ஓடிவிடமாட்டார் என்று நம்புகிற இடத்தில்தான் பிள்ளை கடிக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம், ஆராய்ச்சி இல்லை. அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் எடுப்பார். இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள், பெருநாள் திருநாளுக்கு அவளே நம்பரை அழுத்திக் கதைக்கிறாள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதாமல் விட மனமில்லை. அக்காவுக்கு ஒரு சின்ன மகனும் இருந்தான், என் மகளைவிட மூன்று வயது மூப்பு. அவனை அக்காவின் தாய் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வைத்துப் பார்த்தார். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள பெண்கள் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக்கூடாது என்று 2013இல் எங்கள் அரசாங்கம் சுற்றறிக்கை விட்டது. தகப்பனுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. மஸ்கெலியாவிலிருந்து கொழும்புக்கு வருகிற தாயைப் பற்றி யாரும் சுற்றறிக்கை விடவில்லை, விட்டிருந்தால் நான் வேலைக்குப் போயிருக்க ஏலாது. இவ்வளவும் விட்டுவிட்டு வந்த அந்த மனுஷி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் கட்டடத்தின் முன் லிஃப்டில் ஏறக்கூடாதாம், வேலை செய்கிறவர்களுக்குப் பின் லிஃப்டாம். அது பாதி நாள் ஓடாது. முகாமைக் குழுவுக்கு நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பின்னேரம் முதல் அரை மணி நேரம் ஃபோனைத் தள்ளி வைத்துத் தரையில் இருங்கள். லீவு நாளில் குளிப்பாட்டல், நித்திரையாக்கல் இரண்டையும் நீங்களே எடுங்கள். ஆயாவிடம் முகம் சுழிக்காதீர்கள், பிள்ளை அதையும் பார்க்கும். அவர் என்றைக்கோ ஒருநாள் போகத்தான் போகிறார். அந்த நேரம் போகிறவருக்கும் வருகிறவருக்கும் ஒரு மாதமாவது சேர்த்துச் சம்பளம் கொடுக்க வேண்டிவரும், அந்தக் காசை இப்போதிருந்தே ஒதுக்கி வையுங்கள்.