கந்தளாயில் விட்டு வந்த லைசன்ஸ்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். கனரக வாகன லைசன்ஸ் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் லொறியில் வரும்போது கந்தளாயில் பொலிஸார் மறித்துத் தண்டச்சீட்டு எழுதி, லைசன்ஸையும் எடுத்துக்கொண்டார்கள். கட்டாமல் விட்டுவிட்டேன், அதன்பின் கடையில்தான் வேலை. இப்போது ஒரு நிறுவனம் சாரதி வேலைக்கு ‘டிரைவிங் ரெக்கோட்’ கடிதம் கேட்கிறது. லைசன்ஸ் தொலைந்துவிட்டது என்று முறைப்பாடு போட்டு, புதியது எடுத்த பிறகு அந்தக் கடிதத்துக்குப் போகலாமா?

பதில்: அந்த முறைப்பாட்டை மட்டும் போடாதீர்கள். லைசன்ஸ் தொலையவில்லை, பொலிஸ் எடுத்தது. அது உங்களுக்குத் தெரியும், அவர்களுடைய புத்தகத்திலும் இருக்கும். ஒரு தண்டப்பணத்தோடு முடியக்கூடிய விஷயத்தைப் பொய் முறைப்பாடு என்ற இன்னொரு குற்றமாக வளர்ப்பானேன்?

நிறுவனம் கேட்கும் பதிவு ஒரே தாளில் கிடைக்கும் பொருள் அல்ல. எந்த வகுப்பு வாகனம் ஓட்டலாம், எப்போது காலாவதி என்பது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இருக்கிறது. சீட்டு எழுதிய விபரம் எழுதிய பொலிஸ் நிலையத்தில். வழக்காகியிருந்தால் மிச்சம் நீதிமன்றத்தில். நீங்கள் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும்.

தண்டச்சீட்டை 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டியிருக்க வேண்டும். அது தவறினால் 28 நாள் வரை இரட்டிப்பு. அதற்கும் பிறகு வழக்குத்தான், தபாலகத்தில் கட்டித் தீர்க்க முடியாது. ஆகவே உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, நீங்கள் வராததால் பிடியாணையும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே நடவுங்கள். சீட்டு எழுதியது கந்தளாயில் என்பதால் தேட வேண்டியது கந்தளாய் நீதவான் நீதிமன்றத்தில். திருகோணமலை நீதிமன்றத்தில் விசாரித்து “ஒன்றுமில்லை” என்ற பதிலோடு திரும்பி வந்து நிம்மதியாக இருப்பவர்கள் பலர். அந்த நிம்மதிக்கு ஆயுள் குறைவு.

தேடும்போது பெயரை நம்பாதீர்கள். வீதியில் நின்று சிங்களத்தில் அவசரமாக எழுதிய தமிழ்ப் பெயர் எப்படி வந்திருக்கும் என்று சொல்ல முடியாது: தகப்பன் பெயர் முன்னுக்கு வந்திருக்கும், ‘க’ ‘ஹ’ ஆகியிருக்கும். அடையாள அட்டை இலக்கத்தையும் லைசன்ஸ் இலக்கத்தையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். பழைய அட்டை என்றால் இலக்கம் இரண்டு வடிவத்தில் பதிவாகியிருக்கலாம். பழைய ஒன்பது இலக்கத்துக்கு முன்னால் 19 போட்டு, பழைய இலக்கத்தின் ஐந்தாம் எண்ணுக்குப் பின் ஒரு 0 சேர்த்து, கடைசி ஆங்கில எழுத்தை விட்டுவிட்டால் புதிய பன்னிரண்டு இலக்கம் வரும். இரண்டையும் எழுதிக் கொண்டுபோங்கள். சீட்டின் ஒரு துண்டு எங்காவது கிடந்தால் அதிலுள்ள தொடர் இலக்கம் எல்லாவற்றையும் விட வேகமாக வேலை செய்யும். லொறியின் இலக்கமும் திகதியும்கூட உதவும்.

பிடியாணை இருப்பது தெரிந்தால் பொலிஸ் நிலையத்துக்குத் தனியே போய் விளக்கம் சொல்ல வேண்டாம். சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (வழக்கை அழைக்கக் கேட்கும் மனு, ‘மோஷன்’) போட்டு வழக்கைக் கூப்பிடுவித்து, நீங்களாகவே முன்னிலையாகுங்கள். தானாக வந்து நிற்பவரையும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவரையும் நீதிமன்றம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டம் விதிப்பார்கள். கட்டிய பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு, லைசன்ஸ் நீதிமன்றத்தில் இருக்கிறதா, பொலிஸிலேயே கிடக்கிறதா என்று கேட்டு மீட்டெடுங்கள். அன்றைக்கே பதிவாளரிடம் வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதிக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்; இன்னொரு நாள் அதற்கென்று பஸ் ஏற வேண்டாம். நிறுவனத்துக்குக் காட்டப் போகும் முதல் தாள் அதுதான்.

அடுத்தது திணைக்களம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. “என் பதிவு வேண்டும்” என்று மொட்டையாக எழுதினால் மொட்டையாகத்தான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: இந்த இலக்க அனுமதிப்பத்திரத்தில் உள்ள வகுப்புகள், ஒவ்வொன்றும் வழங்கிய திகதி, முடிவுத் திகதி, இடைநிறுத்தமோ இரத்தோ புறக்குறிப்போ (லைசன்ஸில் பதியும் குற்றக் குறிப்பு) உண்டா, உண்டெனில் எந்த நீதிமன்றத்தின் எந்த வழக்கில். அடையாள அட்டைப் பிரதியை இணைத்து, கேட்பது உங்களுடைய சொந்த விபரம் என்று ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க வழி கிடைத்துவிடும். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, அடுத்த 14 நாளுக்குள் அதே திணைக்களத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். நாட்களை எண்ணுவதற்கு ஆதாரம் வேண்டுமே, ஆகவே பதிவுத் தபாலில் அனுப்பி அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கனரக வகுப்புகளுக்குச் செல்லுபடிக் காலம் நான்கு வருடம்தான், இலகு வாகனத்துக்கு எட்டு. இரண்டு வருடம் பொலிஸ் கையில் கிடந்த காலத்தையும் சேர்த்துத்தான் அது ஓடியிருக்கும். காலாவதியாகியிருந்தால் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழோடு புதுப்பித்த பிறகே நிறுவனத்திடம் போங்கள்.

அதுவரை, “ஒருக்கா முற்றத்துக்கு வெளியே ஓட்டிக் காட்டுங்கோ” என்று அவர்கள் சாவியை நீட்டினால் வாங்க வேண்டாம். சீட்டோடு தந்த தற்காலிக அனுமதி 14 நாளோடு முடிந்துவிட்டது. வீதியில் ஒரு கீறல் விழுந்தாலும் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது லைசன்ஸைத்தான்.