எக்ஸ்எம்எல்செக்1: சாம்ல் கையொப்பம் சரிபார்க்கையில் எக்ஸ்பாயின்டர் பிழை

சாம்ல் என்பது உள்நுழைவுத் தகவலைத் தளங்களுக்கிடையே கடத்தும் எக்ஸ்எம்எல் வடிவம். அப்படியொரு கோப்பின் கையொப்பத்தை எக்ஸ்எம்எல்செக்1 என்ற கட்டளைக் கருவியால் சரிபார்க்கையில், எக்ஸ்பாயின்டர் (கோப்பின் ஒரு பகுதியைச் சுட்டும் முறை) பிழை வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். சரிபார்க்கும் கட்டளையில் ‘--ஐடி-அட்டர்:ஐடி’ தேர்வைச் சேர்த்து, அதையடுத்து ‘அசெர்ஷன்’ என்ற உறுப்பின் பெயரை நேம்ஸ்பேஸோடு (அந்தப் பெயர் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் முகவரியோடு) கொடுங்கள். நீங்கள் காட்டிய எக்ஸ்பாயின்டர் பிழை பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் கோப்பில் டிடிடி (உறுப்புகளையும் பண்புகளையும் வரையறுக்கும் பகுதி) இல்லை. அதனால் ‘ஐடி’ என்பது அடையாளப் பண்பு என்று, கோப்பைப் படிக்க இந்தக் கருவி பயன்படுத்தும் லிப்எக்ஸ்எம்எல்2 நிரலகத்துக்குத் தெரியாது. அதற்கு அது சாதாரணப் பண்புதான். கையொப்பம் சுட்டும் இடத்தைத் தேடி, கிடைக்காமல் நின்றுவிடுகிறது.

அப்புறமும் பிழை தீரவில்லையா? கையொப்பத்திலுள்ள ‘ரெஃபரன்ஸ்’ உறுப்பில் # குறிக்குப் பின் உள்ள மதிப்பு எந்த உறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். அது ‘ரெஸ்பான்ஸ்’ உறுப்பில் இருந்தால் அந்தப் பெயரைத்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: கையொப்பமிட்ட கோப்பை அழகுபடுத்திச் சேமிக்காதீர்கள். கையொப்பமிட்ட பகுதியின் உறுப்புகளுக்கு இடையே ஒரு இடைவெளி கூடினாலும் டைஜஸ்ட் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்க மதிப்பு) பொருந்தாது. சரிபார்ப்பு வெற்றி என்று வந்தாலும், கையொப்பம் சுட்டும் பகுதியை மட்டுமே நம்புங்கள்.